பம்புக்குள் கல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு "தெரியாது" என்று சொல்ல வாய் வருவதில்லை. எனக்கு இன்றுவரை சரியாக வரவில்லை.

கெலிஓயாவில் ஒரு பால் தொழிற்சாலை. பராமரிப்புப் பொறியியலாளராக நான் சேர்ந்த முதல் வாரம். பாலைக் குளிரவைக்கும் தண்ணீரை அங்கே ஒரு பம்ப் மூடிய தொட்டியிலிருந்து இழுத்துச் சுற்றவிடும்.

"தண்ணி வேகம் கூடிருச்சு மிஸ், கொஞ்சம் கொறைங்க" என்றார் மேனேஜர் அந்தோனி சார்.

கைக்கு எட்டிய வால்வைப் பாதிக்குமேல் மூடினேன். வேகம் குறைந்தது. (என்மேல் எனக்கே மரியாதை வந்தது.)

கொஞ்ச நேரத்தில் பம்புக்குள் சரளைக்கல்லைப் போட்டு அரைப்பதுபோல் சத்தம்.

"உள்ள கல்லு போயிருக்கு" என்றேன்.

"மூடின தொட்டியில கல்லு எப்படி மிஸ் வரும்?" என்றார் பம்ப் ஒப்பரேட்டர் யோகராஜா.

"தொட்டிய காலி பண்ணுங்க."

காலி செய்தார்கள். யோகராஜா உள்ளே இறங்கி மூலைமுடுக்கெல்லாம் தடவினார். நம்பாமல் நானும் இறங்கினேன். மணல்கூட இல்லை. அதற்குள், தெல்தெனியவிலிருந்தும் கலகெதரவிலிருந்தும் வந்த பால் குளிரில்லாமல் திரிந்துபோனது. அதைக் கழிவுநீர்க் கானில் ஊற்றும்போது அந்தோனி சார் திட்டியிருந்தால் தேவலாம். "விடிய எந்திரிச்சு கறந்த பாலு" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியை நிரப்பிப் பம்பைப் போட்டோம். அதே சத்தம். எரிச்சலில் அந்த வால்வைத் திறந்தேன். சத்தம் நின்றது. மூடினேன், வந்தது. திறந்தேன், போனது.

வெளியே போகும் வழியை இறுக்குவதற்குப் பதிலாக, தண்ணீர் உள்ளே வரும் வழியை இறுக்கியிருக்கிறேன். இழுக்கத் தண்ணீர் போதாவிட்டால் பம்புக்குள் அழுத்தம் குறைந்து, சூடில்லாமலே தண்ணீர் கொதித்துக் குமிழிகளாகும். அவை உடைகிற சத்தம்தான் அந்தக் கல் சத்தம். விட்டால் இரும்பையும் அரித்துவிடும். (இதையே பரீட்சையில் படம் போட்டு விளக்கி நல்ல புள்ளி வாங்கியவள் நான்.)

"நான்தான் சார் மூடினேன்" என்றேன்.

அவர் வால்வையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "முழுசா தெறந்து வச்சு, கைப்பிடிய கழட்டி என் மேசையில வைங்க."

பிறகு யோகராஜாவையே கல்யாணம் செய்துகொண்டேன். அந்தத் தொட்டிக் கதை வீட்டுக்கும் வந்துவிட்டது; நான் எதையாவது அடித்துச் சொன்னால் அவர் அதைத்தான் எடுப்பார்.

போன வாரம் மகள் வயிறு வலிக்கிறது என்றாள். "வலியுமில்ல, ஒன்னுமில்ல. பள்ளிக்கூடம் போக கள்ளம்" என்று உறுதியாகச் சொன்னேன். அவள் படுத்தபடியே தகப்பனிடம் கேட்டாள்:

"அப்பா, அம்மா தொட்டிய காலி பண்ண சொல்றாங்களா?"