ரோய்ஸ்டன் நடந்த தூரம்

ஈப்போவின் புந்தோங்கில் தன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடி கோலாலம்பூர் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்துவந்த ரோய்ஸ்டனுக்கு, ஒரு திங்கட்கிழமை காலை, ஆரோக்கியமாக இருக்கும்படி உத்தரவு வந்தது.

அனுப்பியது ஊழியர் நல்வாழ்வு மற்றும் சுயபராமரிப்பு ஒருங்கிணைப்புப் பிரிவு. வீட்டிலிருந்து பணிபுரிவோரின் உடல்நலம் குறித்து நிர்வாகம் ஆழ்ந்த கவலை கொண்டிருப்பதாகவும், அக்கவலையின் அடையாளமாக ஆளுக்கொரு கைக்கடிகாரம் வழங்கப்படுவதாகவும் அது தெரிவித்தது. நாளொன்றுக்கு எட்டாயிரம் அடி நடக்க வேண்டும். கடிகாரம் எண்ணிக்கொள்ளும். ஒரு மாதம் குறைந்தால், அந்த ஊழியர் தம் சொந்த நலன் கருதி கோலாலம்பூர் அலுவலகத்துக்கே திரும்ப அழைக்கப்படுவார்.

கடைசி வரியை ரோய்ஸ்டன் இரண்டு முறை படித்தான். மனைவி ஜூலியானாவுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், ஞாயிறு பஸ் ஏறிப்போய் வெள்ளிக்கிழமை திரும்பிய மனிதன் அவன். மறுபடியும் அந்த பஸ்ஸா? உடனே நடந்துவிடலாம் என்று எழுந்தான்.

எழுந்ததுதான் தப்பு. நிறுவனக் கணினியில் ஒரு விளக்கு உண்டு. ஆள் நாற்காலியில் இருந்தால் பச்சை; ஐந்து நிமிடம் விலகினால் மஞ்சள்; பத்து நிமிடமானால் சிவப்பு, கூடவே விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ரோய்ஸ்டன் நல்வாழ்வு அதிகாரி கார்மெனைத் தொலைபேசியில் பிடித்தான்.

"மேடம், நடக்கணும்னா நாற்காலிய விட்டு எழுந்திரிக்கணும்லா?"

"தாராளமா எழுந்திரிங்க. அதுக்கு ஒரு பாரம் இருக்கு, பூர்த்தி பண்ணி மூணு நாள் முன்னாடி அனுப்பிரணும்."

"மூணு நாளைக்கு முன்னாடியே நடக்கப்போறது எனக்கு எப்படித் தெரியும்?"

"திட்டமிட்ட வாழ்க்கைதானே ஆரோக்கியம்."

"வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு மேல நடக்கலாமா?"

"ஆறுலேருந்து எட்டு வரைக்கும் வகுப்பு இருக்கே, 'உட்கார்ந்தே இருப்பதன் அபாயங்கள்'. கேமராவுக்கு முன்னால அசையாம உட்கார்ந்திருக்கணும். வருகைப் பதிவு எடுப்போம்."

எட்டு மணிக்கு மேல் தினமும் மழை பிடித்துக்கொண்டது. முதல் வாரம் முழுக்க ரோய்ஸ்டன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிப் பார்த்தான். கடிகாரம் ஏமாறவில்லை. "உங்கப்பா ரப்பர் தோட்டத்துல ஐந்நூறு மரம் நடந்து சீவினாரு," என்றாள் ஜூலியானா. "அவரு அடிய எண்ண எந்தக் கடிகாரம் வந்துச்சு?"

வழி பிறந்தது பக்கீர் முகம்மது கடையில். வேலை தொடங்குமுன் பசியாறப் போன ரோய்ஸ்டன், கை கழுவக் கழற்றிய கடிகாரத்தைத் தே தாரேக் மாஸ்டர் ஹாபிஸிடம் கொடுத்தான். ஐம்பது வயது ஹாபிஸ் அதை ஆசையாகக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் தேநீரைத் தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு இழுத்து, மறுபடி மேலே தூக்கி இழுத்தார். ரோய்ஸ்டன் ரொட்டி சானாய் தின்று முடிப்பதற்குள் கடிகாரம் அறுநூறு அடி நடந்திருந்தது.

"அண்ணே, இன்னிக்கு இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அன்று ரோய்ஸ்டன் இருபத்து மூவாயிரம் அடி நடந்தான். கடிகாரம் உறுமி, "அபாரம்! தொடருங்கள்!" என்று பாராட்டியது. முப்பது வருடமாகத் தேநீர் இழுக்கும் ஹாபிஸை அதுவரை யாரும் அபாரம் என்று சொன்னதில்லை. "நாளைக்கும் கொண்டாங்க தம்பி," என்றார்.

இப்படிப்பட்ட செய்தி எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? காம்பாரிலிருந்து சக ஊழியர் தினேஸ்வரி தன் கடிகாரத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பினாள். தைப்பிங்கிலிருந்து கால்வின் நேரிலேயே வந்து கட்டிவிட்டுப் போனான். மூன்றாம் மாதம் ஹாபிஸின் வலது கையில், மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை, ஏழு ஊழியர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பேராக் மாநில ஊழியர்களின் வியத்தகு உடல்நல முன்னேற்றத்தை நிர்வாகம் பெருமிதத்துடன் பதிவுசெய்து, ரோய்ஸ்டனுக்கு 'ஆரோக்கியச் செம்மல்' விருது வழங்கியது.

விருதை வாங்கக் குனிந்தபோது செம்மலின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குமேல் நிமிர முடியவில்லை. டாக்டர் இரண்டு வார மருத்துவ விடுப்புக்கு எம்சி எழுதிக் கொடுத்தார். மறுநாள் கார்மென் வீடியோவில் அழைத்தாள்.

"உங்க எம்சிய ஏத்துக்க முடியல, மிஸ்டர் ரோய்ஸ்டன். இந்த நிமிசம்கூட நீங்க வேகமா நடந்துக்கிட்டு இருக்கீங்க."

"மேடம், படுத்திருக்கேன். பாருங்க, தலகாணி."

"படுத்திருக்கிற மாதிரிதான் எனக்கும் தெரியுது. ஆனா சிஸ்டத்துல நடக்கிறீங்க. கண்ணால பாக்கிறத வச்சு நான் முடிவு எடுக்க முடியாது."

உண்மையைச் சொன்னால் கோலாலம்பூர் பஸ். சொல்லாவிட்டால் இந்த இடுப்போடு பச்சை விளக்கு. ரோய்ஸ்டன் பற்களைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறினான். வலியில் கண் கலங்கியது, இரண்டாயிரம் அடி தள்ளி அவன் கடிகாரம், "அபாரம்!" என்றது.

தரவு முரண்பாட்டைத் தீர்க்க மறுவாரம் கார்மெனே ஈப்போ வந்தாள். கடிகாரம் இருக்கும் இடத்தைக் கைப்பேசி காட்ட, நேரே பக்கீர் முகம்மது கடைக்கு வந்து நின்றாள். செய்தி தெரிந்து ரோய்ஸ்டன் ஜூலியானாவின் தோளைப் பிடித்தபடி நொண்டி வந்து சேர்வதற்குள், அவள் ஹாபிஸின் கையை முழுதாகப் பார்த்துவிட்டிருந்தாள்.

போச்சு. ரோய்ஸ்டனுக்கு பஸ்ஸின் வாடையே மூக்கில் அடித்தது.

"எத்தன?" என்றாள் கார்மென்.

"ஏழு மேடம்."

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கைப்பையைத் திறந்து இன்னும் இரண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடது. இது எங்க மேனேஜரோடது. அது டைரக்டரோடது, அவருக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா நடக்கணும், வயசாச்சு."

ரோய்ஸ்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆளுக்கொரு தே தாரேக் சொன்னான். ஆனால் ஹாபிஸ் குவளையைத் தொடவில்லை. வலது தோளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தோள்பட்ட ஒரு மாசமா விண்ணு விண்ணுன்னு வலிக்குது. கைய தூக்க முடியல. நாளைக்கு ஒரு நாள் லீவு எடுத்துக்கிறேன்."

"நாளைக்கா?" பதறிப்போனான் ரோய்ஸ்டன். இடுப்பைப் பிடித்திருந்த கையைக்கூட எடுத்துவிட்டான். "என்னண்ணே, பத்துப் பேரோட ஆரோக்கியம்லா! மூணு நாள் முன்னாடியே சொல்ல வேணாமா?"

கார்மென் தலையாட்டியபடி கைப்பையிலிருந்து பாரத்தை எடுத்து நீட்டினாள். ஹாபிஸ் அதை வாங்க வலது கையைத் தூக்கினார். ஏழு பேரும் ஓர் அடி நடந்தார்கள்.