எல்லா வகுப்புக்கும் போய்வந்த கணக்கு வாத்தியார்

போய்வந்தவர் என்று ஒரு ஜாதி மனிதர் உண்டு. ஜாதி என்றதும் முகம் சுளிக்கவேண்டாம். இந்த ஜாதி எல்லா ஜாதியிலும் இருக்கிறது. எங்கே போய்வந்தவர் என்கிறீர்களா? எங்கேயானாலும் சரி. நாலு பேர் போய் ஏதாவது கற்றுக்கொண்டு வரவேண்டிய இடம் ஒன்று இருக்கவேண்டும். அந்த நாலு பேருக்கும் பதிலாக ஒவ்வொரு தடவையும் இவரே போய், ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான் லட்சணம்.

வக்கீல்களில் பார்த்திருக்கிறேன், வைத்தியர்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கண்டவர்களில் அப்பழுக்கில்லாத போய்வந்தவர், புதுச்சேரியில் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமைக் கணக்கு வாத்தியாராக இருந்த முசியே சக்கரபாணிதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் ஐயா என்பதற்கு முசியே. நானும் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆகவே பன்னிரண்டு வருஷம் அவரை அருகிலிருந்து தரிசிக்கும் பாக்கியம் பெற்றேன்.

பாடம் நடத்தும் முறையை வாத்தியார்களுக்குச் சொல்லித்தர அவ்வப்போது வகுப்பு வைப்பார்கள். காரைக்காலில் வைத்தால் சக்கரபாணி காரைக்கால் போவார். சென்னைப் பட்டணத்திலிருந்து அழைப்பு வந்தால் சென்னைக்குப் போவார். போகும்போது புதுக் கோட்டு, புதுத் தலைப்பாகை, ஒரு வெற்று நோட்டுப் புத்தகம். வரும்போது அதே கோட்டு, அதே தலைப்பாகை, அதே வெற்று நோட்டுப் புத்தகம், கூடுதலாக ஒரு குரூப் போட்டோ. போட்டோவில் முன்வரிசையில், அங்கே வந்தவர்களில் யார் பெரிய உத்தியோகஸ்தரோ அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பார். அப்படி நாலு போட்டோக்கள் அவர் மேஜைக்கு மேலே தொங்கின.

மறுநாள் நாங்கள் கேட்போம். "அங்க என்ன சொல்லிக் குடுத்தாங்க முசியே?"

ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். "அதெல்லாம் வாயால சொல்ற விஷயமா? அங்க இருந்து பாக்கணும்."

அங்கே கொடுத்த குறிப்புகள்? அலமாரிக்குள் போய்விடும். சாவி? அரைஞாண் கயிற்றில். வேறு யாராவது படித்துவிட்டால் அப்புறம் போய்வந்ததில் என்ன பெருமை இருக்கிறது?

சரி, அவர் வகுப்பாவது மாறியதா? ஒருநாள் வராந்தாவில் நின்று கேட்டேன். "பின்னத்தால வகுக்கணும்னா, அதைத் தலைகீழாக் கவுத்துப் பெருக்கு" என்றார். "ஏன் முசியே கவுக்கணும்?" என்றான் ஒரு பையன். "ஏன்னு கேட்டவன் பெஞ்சுமேல ஏறு." நாலு ஊர் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகும் இதில் ஓர் எழுத்து மாறவில்லை.

1937ஆம் வருஷம் புதுச்சேரியிலேயே ஒரு வகுப்பு வைத்தார்கள். எட்டு நாள், பன்னிரண்டு பேருக்கு இடம், கணக்கு மட்டும். சக்கரபாணி வாத்தியார் சங்கத்துக்கும் காரியதரிசி என்பதால் சுற்றறிக்கை அவர் கைக்கு வந்தது. எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் காட்டவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இதுவரை எந்த வகுப்புக்கும் வராதவர்களுக்கு முதலிடம் என்றும், பெண் வாத்தியார்களையும் ஊருக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூடக்காரர்களையும் விட்டுவிடாமல் அனுப்பவேண்டும் என்றும் எழுதியிருந்தது. அவர் தேதியை மட்டும் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்தார். மூடினார்.

எப்படியோ செய்தி கசிந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள்.

ஒருவர் முத்தியால்பேட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை புஷ்பமேரி. இரண்டு அறையில் நாலு வகுப்பு. பெண்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகளின் மக்கள். போன வருஷம் மேல்வகுப்புப் பெண்கள் பதினொரு பேர் செர்த்திபிக்கா என்ற சான்றிதழ்ப் பரீட்சை எழுதி இரண்டே பேர் தேறினார்கள். மற்ற ஒன்பது பேரும் கணக்கில் போனார்கள். இந்த வருஷமும் மேல்வகுப்பில் பதினொரு பேர். இவர்களில் பாதிப் பேராவது தேறாவிட்டால் மேல்வகுப்பையே எடுத்துவிடுவதாக மேலிருந்து கடிதம் வந்திருந்தது. எடுத்துவிட்டால் பன்னிரண்டு வயசுப் பெண்கள் எங்கே போவார்கள்? சமையலறைக்கு, அல்லது அப்பாவின் பின்னால் ஆலை வாசலுக்கு. புஷ்பமேரிக்குக் கணக்கு வரும். அதை எப்படி விளங்கச் சொல்வது என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

மற்றவர் அம்மாவாசை. நோணாங்குப்பத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒற்றை வாத்தியார். அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். வாத்தியார்கள் அறையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை சக்கரபாணி.

"முசியே, கணக்கு வகுப்புக்கு என் பேரையும் எழுதிக்கணும்" என்றார் புஷ்பமேரி.

"அது அடுத்தபடி வகுப்பும்மா. முன்னாடி வகுப்புக்குப் போனவங்கதான் இதுக்குப் போகலாம்."

"போன தடவையும் நீங்க இதையேதான் சொன்னீங்க."

"போன தடவையும் அதுக்கு முன்னாடி போனவங்கதான் போனாங்க."

"அப்ப மொத மொதல்ல போனவங்க எப்படிப் போனாங்க முசியே?"

மடக்கிவிட்டால் போய்வந்தவர் அக்கறைக்குத் தாவுவார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எல்லாம் பிரெஞ்சுல நடக்கும்."

"நான் பரீட்சை எல்லாம் பிரெஞ்சுலதான் எழுதினேன்."

"எட்டு நாள், ஆம்பளைங்க நடுவுல. பாடம் சொல்றவரும் ஆம்பளை. தோதுப்படாது, கேளுங்க." பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா?"

"நானும் அதுக்குத்தாங்க ஐயா வந்தேன்."

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. நான் அதெல்லாம் பாக்கறவனே இல்ல. ஆனா பக்கத்துல பக்கத்துல உக்காரணும். மத்தவங்க மனசு எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு."

"மத்தவங்களக் கேட்டீங்களா ஐயா?"

"கேட்டுத்தான் தெரியணுமா?"

கவனித்தீர்களா? இவர் கை எப்போதும் சுத்தம். அழுக்கெல்லாம் மத்தவங்களுடையது. அந்த மத்தவங்களை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"நான் போயிட்டு வந்து எல்லாருக்கும் சொல்றேனே, அப்புறம் என்ன?" என்று எழுந்துகொண்டார். புஷ்பமேரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வாசலில் அம்மாவாசை அவரிடம் சொன்னார்: "வுடுங்க டீச்சரம்மா. கேக்காமப் போயிட்டோம்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது."

பட்டியல் போயிற்று. முதல் பேர் சக்கரபாணி. இரண்டாவது அவர் மைத்துனர், சித்திர வாத்தியார். மூன்றாவது தேகப்பயிற்சி வாத்தியார். இப்படிப் பன்னிரண்டு பேர். அவர்களில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஐந்து பேர். அடியில் ஒரு வரி: 'வேறு எவரும் விருப்பம் தெரிவிக்கவில்லை.'

கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு கூடத்தில் வகுப்பு தொடங்கியது. சைகோனிலிருந்து கப்பலில் வந்திருந்த போதகாசிரியர் உள்ளே நுழைந்தார். மதாம் லெரூ. பெண். சக்கரபாணி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சுற்றறிக்கையிலேயே பேர் இருந்தது. படித்தால்தானே?

ஐம்பது வயசு மதாம், மெலிந்த உடம்பு, பை நிறையக் காகித நாடாக்களும், பெரிய கடையில் பொறுக்கி வாங்கிய புளியங்கொட்டைகளும். முதல் நாளே கேட்டார்: பின்னத்தால் வகுக்கும்போது ஏன் கவிழ்க்கிறோம்? பன்னிரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். "அது எப்பவும் அப்படித்தான், மதாம்" என்றார் சக்கரபாணி. இரண்டாம் நாள் போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தேகப்பயிற்சி வாத்தியார் மத்தியானத்தில் தூங்கினார். மதாம் நாடாக்களை மடித்தார், கிழித்தார், ஒட்டினார். சக்கரபாணி அடிக்கடி பிரெஞ்சில் "பியேன், பியேன்", அதாவது நல்லது நல்லது, என்று தலையாட்டினார்.

எட்டாம் நாள் நிஜமான பிள்ளைகளுக்கு ஒருவர் பாடம் நடத்திக் காட்டவேண்டும். ஏதாவது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரவழையுங்கள் என்று மதாம் சொல்லியிருந்தார். வந்தது முத்தியால்பேட்டை மேல்வகுப்பு. புஷ்பமேரி பதினொரு பெண்களையும் வெயிலில் நடத்திக் கூட்டிவந்து முன்னால் பாயில் உட்காரவைத்தார். தான் பின்சுவரோரம் நின்றார். நாற்காலி பன்னிரண்டுதான்.

பாடம் நடத்த முன்வந்தவர் யார் என்று சொல்லவேண்டுமா? பலகையில் மூன்றை அரையால் வகு என்று எழுதி, கவிழ்த்து, பெருக்கி, ஆறு என்று போட்டுவிட்டுச் சக்கரபாணி திரும்பினார். வேம்பு என்ற பெண், நெசவுக்காரர் மகள், எழுந்து நின்றாள்.

"முசியே, வகுத்தா கொறையணும் இல்ல? மூணு எப்படி ஆறாச்சு?"

பெஞ்சுமேல் ஏறு என்று சொல்ல வாயைத் திறந்தார். பாயில் இருப்பவள் எந்தப் பெஞ்சுமேல் ஏறுவாள்? "கேள்வி கேக்காத. கவுத்துப் பெருக்கு."

மதாம் எழுந்து, நன்றி சொல்லி அவரை உட்காரவைத்தார். வேம்பின் கையில் ஒரு முழ நீள நாடா மூன்று கொடுத்து, உடைந்த தமிழில் கேட்டார்: "இதில் அரை எத்தனை?" வேம்பு ஒவ்வொன்றையும் பாதியாக மடித்துக் கிழித்தாள். எண்ணினாள். ஆறு துண்டு. "ஓ! எத்தனை அரை இருக்குன்னுதான் கேக்குதா இது?" என்றாள். பாய் முழுவதும் கிழிக்கும் சத்தம் எழுந்தது.

பின்னால் புஷ்பமேரி ஒரு தாளைச் சுவரில் வைத்து மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். மதாம் பார்த்துவிட்டார். "நீங்கள் யார்?"

"இந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார்."

"இந்த எட்டு நாளும் ஏன் வரவில்லை?"

"அவங்களுக்கு வேலை ஜாஸ்தி, மதாம்" என்று சக்கரபாணி முந்திக்கொண்டார்.

"கேட்டேன், மதாம். இடமில்லை என்று சொன்னார்கள்" என்றார் புஷ்பமேரி, ஒரு பிழையில்லாத பிரெஞ்சில்.

மதாம் பன்னிரண்டு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேகப்பயிற்சி வாத்தியாரிடம் சற்று நேரம் கண் நின்றது. தன் குறிப்புக் கட்டை எடுத்துப் போய்ப் புஷ்பமேரி கையில் வைத்தார். அதற்கு மூன்றாம் நாள் கப்பலேறிப் போய்விட்டார். சக்கரபாணிக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று எதிர்பார்க்கிறீர்களா? சான்றிதழ் கிடைத்தது.

புஷ்பமேரி அந்தக் குறிப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. நோணாங்குப்பத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்துவைத்து அவரும் அம்மாவாசையும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். இரண்டாம் வாரமே அம்மாவாசை மடக்கினார். "அரை புரிஞ்சிது டீச்சரம்மா. மூணுல ரெண்டு பங்கால வகுத்தா? அப்ப ஏன் கவுக்கணும்?" புஷ்பமேரிக்குத் தெரியவில்லை. குறிப்பிலும் இல்லை. தெரியாது என்று சொன்னார். போய்வந்தவர் வாயில் வராத வார்த்தை அது.

அடுத்த வாரம் அம்மாவாசை வலைக் கயிறு ஒன்றோடு வந்தார். இரண்டு முழம், முழத்துக்கு மூன்று பங்காக முடிச்சு. "பாருங்க. மொழத்துக்கு மூணாப் பிரிச்சா ஆறு பங்கு. அதான் மூணால பெருக்கறது. ரெண்டு ரெண்டு பங்கா எடுத்தா மூணு துண்டு. அதான் ரெண்டால வகுக்கறது. கவுக்கறதுன்னா இவ்ளோதான்!" புஷ்பமேரி கயிற்றைக் கையில் வாங்கி முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். "பதினாலு வருஷமா சொல்லிக் குடுக்கறேன் வாத்தியாரே, இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது" என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இதைப் பிற்பாடு அம்மாவாசை சொல்லிக் கேட்டேன்.

அந்த வருஷம் பதினொரு பேரில் ஏழு பேர் தேறினார்கள். வேம்பு கணக்கில் முதல். மேல்வகுப்பை எடுக்கவில்லை. நோணாங்குப்பத்திலிருந்தும் முதல் தடவையாக இரண்டு பிள்ளைகள் பரீட்சைக்கு வந்தார்கள்.

சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் சக்கரபாணி மாலையோடு எழுந்து பேசினார். "நமது வகுப்பின் பலன் முத்தியால்பேட்டை வரைக்கும், ஏன், ஆற்றுக்கு அந்தண்டை நோணாங்குப்பம் வரைக்கும் பாய்ந்திருக்கிறது. எல்லோருக்கும் சமவாய்ப்பு என்பதே அடியேன் மூச்சு." கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அம்மாவாசைக்குப் பக்கத்திலிருந்து புஷ்பமேரி எழுந்தார்.

"முசியே, அடுத்த வகுப்புக்கு என் பேரையும் இவர் பேரையும் இப்பவே எழுதிக்குங்க. முன்னாடி போனவங்கதான் போகலாம்னா, நான் ஒரு நாள் வந்திருக்கேன். நின்னுக்கிட்டு."

"கண்டிப்பா கவனிக்கலாம்" என்றார் சக்கரபாணி. அடுத்த வருஷப் பட்டியலில் ஒரே ஒரு புதுப் பேர் இருந்தது. அவர் மாப்பிள்ளை.

இவ்வளவும் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்த எட்டு நாளும் நான் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். நான் சரித்திர வாத்தியார். ஜன்னலோர இடம், நல்ல கடல்காற்று. புஷ்பமேரி சுவரோரம் நின்றபோது, எழுந்து இடம் கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே பெரிய காரியம் என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷப் பட்டியலிலும் என் பேர் வந்தது, அதை அடித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

சக்கரபாணியைப் பார்த்து இவ்வளவு நேரம் நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். உட்கார்ந்துகொண்டுதானே சிரித்தீர்கள்? அது யாருக்கு வந்த நாற்காலி?