நலமுள்ள குழந்தையின் உச்ச வரம்பு

உலகம் தோன்றிய நாள்முதல் நோயை ஆராய்ந்தவர்கள் ஆயிரம் பேர். ஆரோக்கியத்தை ஆராய்ந்த மகான் ஒருவர்தான். அவர் 2008-ஆம் ஆண்டில், டாக்டர் சபாபதி என்ற பெயரில், சிதம்பரத்தில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்.

ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் எவ்வளவு இருக்கும்? நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு வேண்டாமா? இந்தக் கவலையில் டாக்டர் தூக்கம் கெட்டார். கணக்கு வந்தால் பதவி உயர்வும் வரும் என்பது தற்செயல். கடலூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் முகாமிட்டார். விதி ஒன்றுதான்: குழந்தை "நலம்" என்று பெற்றவள் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அங்கேதான் விஞ்ஞானம் வழுக்கி விழுந்தது.

முதல் தாய் காட்டுமன்னார்கோயில் புஷ்பவள்ளி. பக்கத்தில் நாலு கிலோ பயில்வான் ஒருவன் கிடந்தான்.

"புள்ள நல்லா இருக்காம்மா?"

"எங்க சார்! எலிக்குஞ்சாட்டம் கெடக்கு. பாலே குடிக்கறதில்ல."

பயில்வான் அப்போது இரண்டாம் பந்தி கேட்டு அலறிக்கொண்டிருந்தான்.

அடுத்தவள் "சோணி" என்றாள். அதற்கடுத்தவள் "ஏதோ உசுரு இருக்கு" என்று முந்தானையால் பிள்ளையை மூடினாள். தேடித் தேடியும் மாவட்டத்தில் ஆரோக்கியமான குழந்தை ஒன்றுகூட அகப்படவில்லை. டாக்டர் இடிந்து போனார்.

நர்ஸ் சந்திரலேகாதான் தேற்றினாள். "கண்ணு பட்டுடும்னு பயம் சார். நல்லா இருக்குன்னு எவ வாய விட்டுச் சொல்லுவா?"

மேதைக்குக் கோடு போட்டால் போதும், ரோடு போட்டுவிடுவார். அன்றே சுற்றறிக்கை வந்தது: "தாய் குறை கூறின், குழந்தை நலமெனக் கொள்க. குறை எவ்வளவு பெரிதோ, நலம் அவ்வளவு பெரிது." மளமளவென்று ஆரோக்கியம் குவிந்தது.

அந்த வார்டில்தான் முதுநகர் ஜான்சியும் இருந்தாள். வெகுநாள் தவம் கிடந்து பெற்ற பையன். டாக்டரைக் கண்டதும் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"மூச்சு வாங்குது சார். காலையிலேருந்து மாருல வாயே வைக்கல. பயமா இருக்கு."

டாக்டர் முகம் மலர்ந்தது. "அடடே! அவ்வளவு நல்லா இருக்கா?"

"ஐயோ, நெசமாத்தான் சார்!"

"எல்லாருமே நெசமாத்தாம்மா சொல்றாங்க."

பையனின் மூச்சை எண்ணிப் பார்த்திருக்கலாம். சுற்றறிக்கையில் அதற்கு இடமில்லை. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார். மற்றப் பிள்ளைகளைவிட வெள்ளணுக்கள் இரண்டு மடங்கு! என்னே ஆரோக்கியம்! புல்லரித்துப்போய், அந்த எண்ணையே ஆரோக்கிய வரம்பின் உச்சியில் ஏற்றினார்.

ஜான்சி அதற்குமேல் காத்திருக்கவில்லை. சாயங்காலமே பையனைத் துணியில் சுற்றிக்கொண்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கும் புருஷன் அந்தோணிசாமியோடு பாண்டி பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டரின் வெள்ளணு வரம்பு அட்டவணை அச்சானது. கண்ணாடி போட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினார்கள். பதவியும் தற்செயலாக உயர்ந்தது. மாலை மரியாதை முடிந்த மறுவாரம், தேறிய பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜான்சி வந்து நின்றாள்.

"ரத்தத்துல கிருமியாம் சார். அதோட சண்ட போடத்தான் வெள்ளணு அவ்வளவு ஏறிச்சாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா போயிருப்பான்னு பாண்டி ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நீங்க எப்படி சார் நல்லா இருக்கான்னு எழுதுனீங்க?"

டாக்டர் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்படுவதில்லை. பொறுமையாகச் சுவரைக் காட்டினார்.

"பாரும்மா. உன் பையன் கணக்கு வரம்புக்குள்ளதான் இருக்கு. ஆரோக்கியமான குழந்தைக்கு இதுவரைக்கும் போகலாம்."

"இதுவரைக்கும் போகலாம்னு எந்தப் புள்ளையப் பாத்து சார் முடிவு பண்ணீங்க?"

டாக்டர் பெருமிதத்தோடு சொன்னார்:

"உம் புள்ளையப் பாத்துத்தாம்மா!"