பிரசிடெண்டின் நாற்பத்தொரு படங்கள்

தர்மபுரி,
18-3-1974

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அப்துல் ரஷீத் அவர்களுக்கு, மைத்துனன் பக்ருதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஹாஜிராவும் பிள்ளைகள் இரண்டும் இறைவன் கருணையால் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் என் அக்கா நசீம் பானுவும் அவ்விதமே இருக்கவும், சேலத்தில் தங்களுடைய போட்டோ சாமான் கடை இன்னும் விருத்தியாகவும் துஆச் செய்கிறேன்.

நிற்க. சென்ற மாதம் நான் கொடுத்த தந்தியைப் பற்றித் தாங்கள் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். "நாலு ரோல் உடனே அனுப்பவும் காரணம் கேட்க வேண்டாம்" என்று தந்தி கொடுத்தது என் தப்புதான். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே அக்கா அழ ஆரம்பித்து, படித்துக் காட்டிய பிறகும் அரை மணி நேரம் நிறுத்தவில்லை என்று அறிந்து மிகவும் வேதனைப்பட்டேன். ரோல்கள் நாலும் வந்து சேர்ந்தன. தாங்கள் கொடுத்துவிட்ட பஸ் தொப்பூர் கணவாயில் வெங்காய லாரி ஒன்று சாய்ந்ததால் ஆறு மணி நேரம் நின்று, கண்டக்டர் பார்சலைக் கொடுக்கும்போது அதுவும் வெங்காய வாசனைதான் அடித்தது. பிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி, கேட்க வேண்டாம் என்று சொன்ன காரணத்தை நானே எழுதுகிறேன்.

இண்டூருக்குப் பக்கத்தில் கோணப்பள்ளம் என்ற ஊரும், அதன் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு சென்னப்பன் அவர்களும் தாங்கள் அறிந்ததே. 1960 முதல் 70 வரை பத்து வருஷம் அவர்தான் பிரசிடெண்டு. கிணறு திறந்தாலும், பாலம் திறந்தாலும், பஞ்சாயத்து ரேடியோவுக்குப் புது பேட்டரி வந்தாலும் விழா எடுப்பார், விழா என்றால் படம் பிடிக்க என்னைக் கூப்பிடுவார். நான் கூலி என்று கேட்டதில்லை. வயிறு நிறைய சாப்பாடு போட்டு அனுப்புவார். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். சைனா சண்டைக்கு அப்புறம் பிலிமுக்கு வந்த தட்டுப்பாடு கடை வைத்திருக்கும் தங்களுக்குத் தெரியாததல்ல. கையில் இருந்த ஒன்றிரண்டு ரோலைக் கல்யாணத்துக்கு என்று பத்திரப்படுத்திக்கொண்டு, பிரசிடெண்டு கூப்பிட்டால் காலி கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், "அசையாதீங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி வெறும் கிளிக் பண்ணிவிட்டு வந்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் என் தோளில் கை போட்டு "வாங்க பாய்" என்று கூப்பிடும்போது சொல்ல வாய் வரவில்லை. படம் எங்கே என்று கேட்டால் மெட்ராசுக்குக் கழுவப் போயிருக்கிறது என்பேன். அவரும் அடுத்த விழாவுக்குத் தேதி சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்படியே எட்டு வருஷம்.

இந்தத் தை மாதம் கோணப்பள்ளத்து ஹைஸ்கூல் வாத்தியார் மாதேஸ்வரன் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஊரில் புதிதாக வாசகசாலை கட்டியிருக்கிறார்களாம். அதன் நாலு சுவரிலும் பிரசிடெண்டு ஊருக்குச் செய்ததையெல்லாம் படமாக மாட்டப் போகிறார்களாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வைக்கப் போகிறார்களாம். "பேச்ச நான் டேப் ரெக்கார்டர்ல புடிச்சுக்கறேன். படம் எல்லாம் உங்ககிட்டதான் இருக்குது. மொத்தம் நாப்பத்தொண்ணு" என்று பட்டியலை நீட்டினார். அந்த நாற்பத்தொன்றில் என்னிடம் இருந்தது, முதல் இரண்டு வருஷத்தில் எடுத்த மூன்று. ஒன்றில் பிரசிடெண்டு கண்ணை மூடியிருக்கிறார், ஒன்றில் மாலை மூக்கு வரைக்கும் வந்துவிட்டது, மூன்றாவதில் தும்முகிறார்.

ஒரு யோசனை பண்ணினேன் மச்சான். வாத்தியார் கூடவே நானும் போவோம், எவனாவது ஒருத்தன் "அன்னிக்குப் படமே புடிக்கலையே" என்று சொல்லாமலா போவான், அதைப் பிடித்துக்கொண்டு பட்டியலில் பாதியை அடித்துவிடலாம் என்று போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் ஒருத்தருக்கும் கிணறு எத்தனை அடி, பாலம் எந்த வருஷம் என்பது ஞாபகம் இல்லை, படம் பிடித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. வாத்தியார் மைக்கை நீட்டி "கெணறு தொறந்த அன்னிக்கு பிரசிடெண்டு என்னா பேசினாரு?" என்று கேட்டால், செல்லி என்கிற அம்மா, "அவுரு என்னமோ பேசினாருங்க. நான் இடுப்புல புள்ளையோட மொத வரிசையில நின்னேன், பாயி என்னைத்தான் புடிச்சாரு. அந்தப் படம் எங்க பாயி?" என்கிறாள். போன வூட்டில் எல்லாம் இதே கதை. நாலு நாளில் நான் தர வேண்டிய படம் நாற்பத்தொன்றிலிருந்து இருநூறு ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் குள்ளம்மாள் வூட்டுக்குப் போனோம். ஊருக்குக் கரண்டு வந்த அன்றைக்கு, மின்கம்பம் நட முதலில் தன் நிலத்தைக் கொடுத்தவர் அவள் புருஷன் மாதையன் என்பதால், பிரசிடெண்டு தான் சுவிட்சைப் போடாமல் அவரைப் போடச் சொன்னார். மாதையன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தம்மா டேப்பைப் பார்த்துப் பேசவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசியது. "அவுரு ஒரே ஒருக்காதான் படத்துக்கு நின்னாரு பாயி. எனக்கு இப்பல்லாம் அவுரு மூஞ்சி சரியா ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. ஒருக்கா காட்டுனா போதும், நீங்களே திருப்பி வச்சுக்கங்க." அதற்கு மேல் என்னால் முடியலை மச்சான். "ஆத்தா, அன்னிக்கு கேமராவுல பிலிம் இல்ல. எட்டு வருஷமா எப்பவுமே இல்ல" என்று சொல்லிவிட்டேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு அதை நிறுத்தக்கூடத் தோணலை. குள்ளம்மாள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய், எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் பூரா தெரிந்துபோச்சு. பிரசிடெண்டு ஆள் அனுப்பினார். நான் போய் அவர் களத்துமேட்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கடலையை உரித்துக்கொண்டே, "பாய், பிலிம் இல்லேன்னு எனக்குத் தெரியுமே" என்றார். "அறுபத்தி நாலுல பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு கேமராவ எங்கையில குடுத்துட்டு கைகால் கழுவப் போனீங்க. என்னாதான் இருக்குதுன்னு பின்னாடி மூடியத் தொறந்து பாத்தேன். காலி" என்றார்.

"அப்புறம் ஏங்க என்னைக் கூப்பிட்டுகிட்டே இருந்தீங்க?"

"நான் தமுக்கு அடிச்சா பத்துப் பேரு வருவான். பாயி வராருன்னா ஊரே சட்டை போட்டுகிட்டு வந்து நிக்கும். பச்சியப்பன் ரோட்டுக்கு ஒரு முழம் எடம் தர மாட்டேன்னு ரெண்டு வருஷம் முறைச்சுகிட்டுத் திரிஞ்சான். படத்துக்குன்னு ரிப்பன் ஒரு முனையை அவன் கையில குடுத்து நிக்க வச்சேன். சிரிச்சுகிட்டு நின்னான். ஊரு முன்னால சிரிச்சுட்டு மறுநாள் எப்படி எடம் இல்லைன்னு சொல்லுவான்? அந்த ரோடு நீங்க போட்டது பாய்."

ராத்திரி ஹாஜிராவிடம் சொன்னேன். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, "பிரசிடெண்டுக்குப் போடாத பிலிமெல்லாம் கல்யாணத்துலதானே போட்டீங்க. கல்யாணத்துக்கு அந்த ஊரு ஜனம் வந்து சாப்பிடாமலா போயிருக்கும்?" என்றாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் இவள் மூளை எனக்குப் பிடிபடலை. ரெண்டு நாள் பழைய நெகடிவ் பெட்டி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். 1963-ல் இண்டூரில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில், மூணாவது இலையில் மாதையன் உட்கார்ந்திருக்கிறார். வாய் நிறைய சோறு, கையைத் தூக்கி எதற்கோ சிரிக்கிறார். பெரிசு பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குள்ளம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சோத்த வாயில வச்சுகிட்டு சிரிக்காதேன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. கேட்டாரா பாருங்க" என்று சொல்லி அதுவும் சிரித்தது.

மீதிப் படத்துக்கு ஊரே கூடி முடிவு பண்ணிவிட்டது, அத்தனை விழாவையும் மறுபடி நடத்துவது என்று. அதற்குத்தான் மச்சான் அந்த நாலு ரோல். வாத்தியார் மட்டும் "இது சரித்திரம் ஆகாதே" என்று சங்கடப்பட்டார். பிரசிடெண்டு, "நடந்தது ஒரு வருஷம், புடிச்சது ஒரு வருஷம்னு ரெண்டையும் கீழ எழுதிடுங்க" என்றதும் சமாதானம் ஆகிவிட்டார். காலையில் ஆரம்பித்து ஐந்து படம் எடுத்திருப்பேன், பச்சியப்பன் ரிப்பனைக் கீழே போட்டுவிட்டு, "மொதல்ல பிலிம் இருக்குதான்னு தொறந்து காட்டு" என்று வந்து நின்றார். தொறந்தால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும் என்றேன். பின்னால் சிவப்புக் கண்ணாடியில் நம்பர் தெரிகிறது பாருங்கள் என்றேன். "நம்பரு யாரு வேணா எழுதலாம்" என்றார். ஊர் பூரா அவர் பக்கம். காட்டுங்க பாயி, காட்டுங்க பாயி என்கிறார்கள். வேறு வழியில்லாமல் தொறந்து காட்டினேன். எல்லாரும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துத் திருப்தியானார்கள். ஒரு ரோல் போச்சு.

மிச்சம் மூணு ரோலில் சமாளிக்க வேண்டியிருந்ததால், பாலத்தையும் ரேடியோவையும் ஒரே படத்தில் சேர்த்து, பிரசிடெண்டைப் பாலத்தின்மேல் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தோம். செல்லி, அன்றைக்குப் போலவே நிற்பேன் என்று பன்னிரண்டு வயசுப் பையனை இடுப்பில் தூக்கப் பார்த்து, அவன் கால் தரையில் இழுபட, ரெண்டு பேரும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது. ரோட்டில் முதல் பஸ் வந்த காட்சிக்காக தர்மபுரி பஸ்ஸை நிறுத்தி, பின்னால் எடுக்கச் சொல்லி, மாலை போட்டு மூணு தடவை வர வைத்தோம். பாசஞ்சர்கள் முதல் தடவை திட்டினார்கள், மூணாவது தடவை ஜன்னலில் தலை வாரிக்கொண்டு சிரித்தார்கள். கரண்டு வந்த படத்தில், மாதையன் நின்ற இடத்தில் குள்ளம்மாள் நின்று சுவிட்சைப் போட்டது. பட்டப்பகலில் பல்பு எரிந்ததற்கு ஊரே கை தட்டியது. எனக்குக் கண்ணில் என்னமோ விழுந்து, அந்த ஒரு படம் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை வாசகசாலை திறந்தாச்சு. நான் டேப்பில் ஒப்புக்கொண்டதையும் வாத்தியார் ஒரு வார்த்தை விடாமல் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போகிறார்கள். வெட்கமாக இல்லையா என்று ஹாஜிரா கேட்டாள். இல்லை மச்சான். இத்தனை வருஷமாகக் கோணப்பள்ளத்துக்காரன் யாராவது எதிரே வந்தால் சந்துக்குள் நுழைகிறவன், இப்போது நடுத்தெருவில் நின்று நலம் விசாரிக்கிறேன். இனி எனக்கு யாரிடமும் மறைக்க ஒன்றும் இல்லை. மனசு கழுவி விட்ட மாதிரி இருக்கிறது.

அக்காவுக்கு என் சலாமும் பிள்ளைகளுக்கு என் துஆவும் சொல்லவும். தங்கள் கைபட்டதெல்லாம் பரக்கத்தாக விளங்க ஆண்டவன் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
பக்ருதீன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து, இருட்டறைக்குள் சிவப்பு விளக்கில் இதை எழுதுகிறேன். பஞ்சாயத்து யூனியன் சேர்மன் நேற்று வாசகசாலையைப் பார்த்தாராம். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் படங்களை மட்டும் பார்த்து ரசித்தாராம், எழுத்து எதையும் படிக்கவில்லையாம். தனக்கும் அதேபோல் ஒரு மண்டபம் வேண்டும் என்கிறார். அவருக்கும் நான் இதே காலிக் கேமராவில் எடுத்தது நூற்றுப் பன்னிரண்டு விழா. அவர் ஒருநாளும் கேமராவைத் தொறந்து பார்த்தவர் இல்லை, பார்க்காமலே கோபப்படுகிறவர். இப்போது முன்னறையில் டீ குடித்துக்கொண்டு, "நிதானமாத் தேடி எடுங்க பாய், நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹாஜிராவும் பிள்ளைகளும் பின்வாசல் வழியாக மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் அங்கே வந்து சேர்ந்துவிடுவோம். வந்து யார் கேட்டாலும், தங்களுக்கு மைத்துனன் என்று ஒருத்தன் கிடையாது.