பிடி

"உங்க துப்பாக்கிய ஒரு நிமிஷம் குடுங்க சார்."

டெலேனி கேட்டதும் சுடுதளத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கிளப்பில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மூத்த சுடுவீரர் வெர்லினின் துப்பாக்கியைத் தவிர. டெலேனியின் அப்பா இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டின் முதல் பட்டதாரியான அவள் அதையேதான் கேட்டாள்!

அவளுக்கு வேறு வழியும் இல்லை. சனிக்கிழமை மாநில அணித் தேர்வு. கிளப்பிலிருந்து இதுவரை ஒரு பெண்கூடப் போனதில்லை. அவள் உள்ளங்கையோ வியர்த்துக் கொட்டும். மூன்றாவது குண்டுக்குள் துப்பாக்கி சோப்பாக வழுக்கும்.

வெர்லின் குண்டுகளை எடுத்துவிட்டு, இருமுறை சரிபார்த்து, நீட்டினார். பிளாஸ்டிக் பிடி முழுக்கக் குட்டிக் குட்டிக் குழிகள். ஒன்றுபோல் ஒன்றில்லை. ஆனால் பல்லி சுவரைப் பிடிப்பதுபோல் கை ஒட்டிக்கொண்டது.

"எப்படி சார் செஞ்சீங்க?"

"கைவேலைம்மா. பதினொரு வருஷ ரகசியம்."

சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

வீட்டுக்கு வந்தவள் தன் துப்பாக்கியின் பிடியில் முதலில் உப்புத்தாளை ஒட்டினாள். துப்பாக்கி கையில் நின்றது, உள்ளங்கைத் தோல் போனது. அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினாள். அது பொத்தானை மூடியதில், குண்டு அடைக்கும் மேகசின் வெளியே வர மறுத்தது. டியூபைக் கத்தியால் அறுத்ததில் பிடியில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

கடைசியில், பிளாஸ்டிக்கைச் சூட்டால் உருக்கிக் குழி வைக்க சால்டரிங் அயர்ன். முதல் புள்ளி வைத்ததுமே புகை. கூரையில் அலாரம் அலறியது.

"என்னடி கருகுது?" அம்மா ஓடிவந்தாள்.

"துப்பாக்கிம்மா."

"நல்லவேளை, அடுப்புல பீன்ஸ்தான் போச்சுன்னு நெனச்சேன்."

மூன்று நாள். வெர்லினின் குழிகளை நினைவில் வைத்து, புள்ளி புள்ளியாகச் சுட்டாள். விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை அவர் வீட்டுக்கே கொண்டுபோனாள். வாசலில் அவர் மனைவி நடீன், பிஸ்கட் என்ற கிழட்டு நாய்க்கு முடி வாரிக்கொண்டிருந்தாள்.

வெர்லின் பார்த்தார். சிரித்தார்.

"என்ன பொண்ணே, துப்பாக்கிக்கு அம்மை போட்டிருக்கு? வெச்சிட்டுப் போ. நாளைக்குள்ள சரி பண்ணித் தரேன்."

சொல்வது கிளப்பின் பெரிய கை. டெலேனி ஒரு கணம் தடுமாறினாள். பிறகு குழாயில் கையை நனைத்து, காலித் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தாள். இம்மி அசையவில்லை.

"வேணாம் சார். அசிங்கமா இருந்தாலும் கையில நிக்குது. இதோடதான் சுடப்போறேன்."

"தோத்துட்டா?"

"என் கைவேலையோட தோத்துட்டுப் போறேன்."

விடுவிடுவென்று வெளியேறினாள். படியில் நடீன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"குடுக்காம வந்தியே, சமத்து!" என்று கிசுகிசுத்தாள். "அந்த மனுஷனுக்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியாது. நீங்கள்லாம் கும்புடற கைவேலை பூரா இதோ, இந்த பிஸ்கட் குட்டியா இருந்தப்போ பல்லு மொளைக்கிற அரிப்புல கடிச்சுப்போட்டது."