விற்பவர் இல்லாத விமானம்

விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களையும் டீச்சர் முத்து முத்தாக நிரப்பியிருந்தார். வாங்குபவர் பெயர், தொழில். வாங்கும் பொருள்: பழைய போர் விமானம், ஒன்று. நோக்கம்: பள்ளிக்கூட முற்றத்தில் நிறுத்த. ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது.

"விக்கிறவர் பேரு எழுதலையே?" என்றார் விமான ஓடுதள அலுவலகத்துக் குமாஸ்தா.

"அது தெரியாமத்தான் சார் உங்ககிட்ட வந்திருக்கேன்."

"விக்கிறவர் யாருன்னே தெரியாம எப்படிம்மா வாங்குவீங்க?"

"வாங்க நான் ரெடி சார். விக்கத்தான் ஆள் கிடைக்கலை."

குமாஸ்தா விண்ணப்பத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை.

டீச்சர் இருபது வருடமாகப் பாலர் பள்ளி நடத்துகிறவர். ஒரு காலத்தில் பிள்ளைகளை உட்காரவைக்க இடமில்லாமல் வராந்தாவில் வகுப்பு எடுத்திருக்கிறார். இப்போது மொத்தம் பதினொரு பிள்ளைகள். அதிலும் இரண்டு பேர் பாதி நாள் வயிற்று வலி. அடுத்த தெருவில் புதிதாக முளைத்த பள்ளியில் குட்டி ரயில் ஓடுகிறது, நீச்சல் குளம் இருக்கிறது. பள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடக்காரரோ, "முப்பது பிள்ளைங்க சேரலைன்னா ஜிம்முக்கு விட்டுடலாம்னு இருக்கேன் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரி விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் சொன்னபடி செய்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போய்விட்டால் காலையில் எழுந்து எதற்குத் தலை வாரிக்கொள்வது என்பதுகூட டீச்சருக்குத் தெரியவில்லை. அவ்வளவு பயமாக இருந்தது.

விமான யோசனை தம்பியுடையது. அவன் கிரேன் லாரி ஓட்டுகிறவன். யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அதுதான் குடும்பத்தின் கவலை.

"அவன் ரயில் விட்டா நாம பிளேன் விடுவோம்க்கா. மூடிப்போன ஓடுதளத்து மூலையில ஒண்ணு கேப்பாரில்லாம கிடக்கு. பழைய ராணுவ பிளேன்."

போய்ப் பார்த்தார்கள். முள்புதர் நடுவே, ஒரு சக்கரம் மண்ணில் புதைந்து, ஒருபக்கம் சாய்ந்து நின்றது. இறக்கைக்கடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி கறுத்துப்போய் உள்ளே எதுவும் தெரியவில்லை. மூக்கில் குளவிக்கூடு. கிட்டே போகவே முடியவில்லை. ஆனாலும் விமானம் விமானம்தான். பார்த்த மாத்திரத்தில் டீச்சருக்குப் பிடித்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளாமல் நிற்கிற எதைப் பார்த்தாலும் அவருக்கு இப்போதெல்லாம் உறவுக்காரர் மாதிரி தோன்றியது.

குமாஸ்தா விமானப் பதிவேட்டை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் பார்த்தார்.

"எங்க பதிவேட்டுல இல்லை. இது ராணுவத்தோடது. அவங்ககிட்ட, விக்கிறோம்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க."

ராணுவ அலுவலகத்தில் அதிகாரி மரியாதையாக உட்காரவைத்தார். மூன்று நாள் தேடினார்கள். அவர்களுடைய விமானப் பதிவேட்டிலும் இல்லை.

"எங்களோடது இல்லைம்மா."

"உங்க கலர்தானே சார் அடிச்சிருக்கு?"

"கலர் யாரு வேணாலும் அடிக்கலாம். நாங்க இதுவரைக்கும் ஒரு விமானத்தைக்கூட மறந்துட்டு வந்தது கிடையாது" என்றார் அதிகாரி, கொஞ்சம் ரோஷமாக. பிறகு, 'மேற்படி விமானம் எங்களுடையது அல்ல' என்று முத்திரை குத்தி எழுதியே கொடுத்துவிட்டார்.

டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுதள அலுவலகத்துக்கு ஓடினார்.

"உங்களோடதும் இல்லை, அவங்களோடதும் இல்லை. அப்ப நான் எடுத்துக்கலாமா சார்?"

"அதெப்படி? யாரோடதும் இல்லாத பொருளை எடுத்தா அது திருட்டு."

"யாரோடதும் இல்லைன்னா யார்கிட்டேர்ந்து சார் திருடுறேன்?"

குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இப்படி ஒரு திருட்டு இல்லை. "பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுங்க. பதினஞ்சு நாள்ல அத்தாட்சியோட யாரும் வரலைன்னா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேசை டிராயரைப் பூட்டினார்.

விளம்பரத்தைத் தம்பி எழுதினான். டீச்சர் பார்ப்பதற்குள் அச்சாகிவிட்டது.

'விமானம் ஒன்று கேட்பாரற்று நிற்கிறது. உரியவர்கள் தகுந்த அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். தவறினால் பாலர் பள்ளியில் வைத்துக்கொள்ளப்படும்.'

"குடை தொலைஞ்ச மாதிரி எழுதியிருக்கியேடா!"

"விஷயம் புரிஞ்சா சரிக்கா."

விஷயம் ஊருக்கே புரிந்துவிட்டது. மறுநாளே வாசலில் கூட்டம். முதலில் வந்தவர், "கலர் எதுவா இருந்தாலும் பரவாயில்லை, என்னோடதுதான்" என்றார். இரண்டாமவர் பழைய இரும்பு வியாபாரி. உடம்பு யாருடையதாக இருந்தாலும் எஞ்சின் தன்னுடையது என்று சாதித்தார். மூன்றாவதாக, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற விமானியாம்.

"இதை நான் ஓட்டியிருக்கேன்மா. மேகத்துக்கு மேல ஏத்தி, தலைகீழாத் திருப்பி, இறக்கையில ஓட்டையோட பத்திரமா இறக்கியிருக்கேன். எனக்கும் அதுக்கும் உள்ள உறவு உனக்குப் புரியாது."

யாரிடமும் ஒரு துண்டுச் சீட்டு அத்தாட்சி கிடையாது. ஆனால் விமானி மட்டும் தினமும் வந்தார். பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். கதையில் மேகம் நாளுக்கு நாள் உயரமானது.

நான்காவது ரகக் கூட்டத்தைத்தான் டீச்சர் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா அம்மாக்கள்.

"பிளேன் இருக்கிற ஸ்கூல் இதுதானே?"

இல்லை என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார். எதிரே நான்கு வயதுப் பெண் ஒருத்தி கழுத்தை நீட்டி முற்றத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பதினைந்தாம் நாள் பதினொரு பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளாக ஆகியிருந்தார்கள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த நிமிடமே, இல்லாத விமானத்தைக் காட்டி முப்பத்தெட்டுப் பேரை உட்காரவைத்திருக்கிறோமே என்று காலி முற்றத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கேட்டைத் திறந்து வை."

"எதுக்குடா?"

"சொல்றேன், திற. இல்லை, கேட் பத்தாது. பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் இடிக்கச் சொல்லு."

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?"

"பதினஞ்சு நாள் ஆயிடுச்சுல்ல? குமாஸ்தா 'அப்புறம் பாக்கலாம்'னாரு. இது அப்புறம்தானே!"

கடைத்தெரு வழியாக விமானம் ஊர்வலமாக வந்தது. "எப்பேர்ப்பட்ட வெயிட்டு, என் கிரேன் பூ மாதிரித் தூக்கிருச்சு!" என்று தம்பி வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டான். இறக்கையில் இரண்டு கடைப் பலகைகள் மாட்டிக்கொண்டு கூடவே வந்தன. பின்னாலேயே நாயும் குட்டிகளும் வந்தன. முற்றத்தில் இறக்கியபோது விமானி கண் கலங்கி சல்யூட் அடித்தார். சுவர் இடிந்ததைப் பார்த்துக் கட்டடக்காரர் சிரிக்காமல் பேசியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமைப் பேப்பரில் முதல் பக்கத்தில் படம்: 'நகருக்குள் போர் விமானம்.' பத்து மணிக்குக் குமாஸ்தா வந்துவிட்டார். பத்தேகாலுக்கு ராணுவ ஜீப் வந்தது. பெரிய நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் யார் உட்காருவது என்ற மரியாதைப் போட்டியில் அது காலியாகவே கிடக்க, அதிகாரியும் குமாஸ்தாவும் பிள்ளைகளுடைய நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரியுடன் வந்த கிடங்கு எழுத்தரம்மா மட்டும் ஒரு தடிமனான பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார்.

"எங்க இடத்துலேர்ந்து எடுத்திருக்கீங்க. அதனால எங்களோடது" என்றார் குமாஸ்தா.

"உங்களோடது இல்லைன்னீங்களே சார்?"

"அப்ப அது அங்கேயே நின்னுச்சு. இப்பதானே காணோம்? காணாமப் போனதுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"இது ராணுவத்துக்குத்தான் வரணும்" என்றார் அதிகாரி.

"நீங்க முத்திரை குத்தியே குடுத்திருக்கீங்க சார், உங்களோடது இல்லைன்னு!" தம்பி கடிதத்தை நீட்டினான்.

"குடுத்தது உண்மைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஊருக்குள்ள ஒரு போர் விமானம் நிக்குது, அது எங்களோடது இல்லைன்னா, வேற நாட்டோடதுன்னு ஆயிடும். எனக்கு அது இன்னும் ஆபத்து. நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போய் உடைச்சிடுவோம். யாருக்கும் தொல்லையில்லை."

"உடைக்கிறதா? என் உசிருய்யா அது!" என்றார் விமானி.

டீச்சர் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு மாசமா எல்லார் வாசல்லயும் நின்னேன். யாராவது ஒருத்தர் என்னோடதுன்னு சொல்லியிருந்தா முறைப்படி வாங்கியிருப்பேன். அன்னைக்கு யாருக்கும் வேண்டாம். இன்னைக்கு எல்லாருக்கும் வேணும். பதினொரு பிள்ளைங்க இருந்த ஸ்கூல்ங்க இது. இப்ப ஜன்னல்ல பாருங்க."

எல்லாரும் திரும்பினார்கள். மூன்று ஜன்னலிலும் தலைகள். கம்பிக்கு நான்கு வீதம் விரல்கள்.

"இதை எடுத்துட்டுப் போனா அவங்களும் போயிடுவாங்க. எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்க."

அதிகாரிக்கு மனசு இளகியது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இளகிய மனசுக்கு முத்திரை கிடையாதே. அவர் சங்கடத்தோடு எழுத்தரம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, விமானப் பதிவேட்டை இன்னொரு தடவை பாருங்க. நம்பர் ஏதாவது சிக்குதான்னு."

"அதை நான் கொண்டுவரலைங்க ஐயா."

"பின்னே கையில என்ன?"

எழுத்தரம்மா விமானத்தின் வயிற்றில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். 'டொக், டொக்' என்று கேட்டது. விமானியின் மீசை லேசாகக் கீழே இறங்கியது. எழுத்தரம்மா நிதானமாகப் பதிவேட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"இது மேசை நாற்காலிப் பதிவேடுங்க ஐயா. மேலேர்ந்து பாக்கிற எதிரி ஏமாறட்டும்னு நம்ம தச்சுப் பட்டறையில பலகையால செஞ்சு நிறுத்தின பொம்மைதான் இது. 'ஏதாவது ஒரு பாலர் பள்ளிக்கு இலவசமாக் குடுத்திடவும்'னு உத்தரவு போட்டு முப்பது வருஷமாச்சு, எடுத்துட்டுப் போகத்தான் இதுவரைக்கும் ஒருத்தரும் வரலை."