நடு சீட்டுச் சராசரி

"பகா எண்ணுன்னா இன்னான்னு பசங்களுக்கு எப்படிங்க சொன்னா புரியும்?" என்று முன் சீட்டிலிருந்து ஷோபனா டீச்சர் கேட்டதும், மணிவேல் ஜீப்பை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தான். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. வேர்த்துக் கொட்டியது அவனுக்குத்தான்.

தேவையா இது? ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன், ரோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கலாம். புதுசாக மலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த டீச்சர், மடியில் கணக்குப் புத்தகத்தை விரித்தபடி, ஏழாவதுக்குக் கணக்கு எடுப்பதாகச் சொன்னாள். உடனே இவன், தானும் கணக்கில்தான் டிகிரி முடித்திருப்பதாக அளந்துவிட்டான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன்!

எல்லாம் காதல் படுத்தும் பாடுதான். தை பிறந்ததும் கணியம்பாடிக்குப் போய் அவள் வீட்டில் பெண் கேட்பதாக மனசுக்குள் முடிவே கட்டிவிட்டான். பொய் அம்பலமானால் அவள் வேறு ஜீப் பார்த்துக்கொள்வாள். பெண் கேட்கிற கதையும் அதோடு சரி.

"பாதி மலையில கணக்கு பேசக்கூடாதுங்க, நாளைக்கு நிதானமா சொல்றேன்" என்று அன்றைக்குத் தப்பித்தான். சாயங்காலமே பழைய பேப்பர் கடையைக் கிளறி ஏழாவது கணக்குப் புத்தகம் ஒன்றைப் பிடித்தான். படித்தான், படித்தான், தலை கிறுகிறுக்கப் படித்தான். வார்த்தைகள் அப்படியே மண்டையில் ஏறவில்லை. ஜீப்பில் ஏற்றிப் பார்த்தான், ஏறிக்கொண்டன.

ஆள் நிரம்பாமல் ஷேர் ஜீப் நகராது. அந்த நேரம்தான் அவர்களுக்கு வகுப்பு.

"பகா எண்ணை ஒண்ணாலயும் அதே எண்ணாலயும்தாங்க மீதியில்லாம வகுக்க முடியும். வேற யாருக்கும் பங்கு கெடையாது. நம்ம பாஞ்சாலியக்கா சீட்டு மாதிரி" என்றான் மறுநாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாஞ்சாலி, பின் சீட்டில் காய்கறி மூட்டையோடு அகலமாக உட்கார்ந்திருந்தாள். தன்னை ஏதோ உசத்தியாகச் சொல்கிறான் என்று சிரித்தாள். டீச்சர் அதை உதட்டுக்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாம் சொன்னது எவ்வளவு பிடித்துப்போயிருந்தால் இப்படிச் சொல்லிப் பார்ப்பாள் என்று மணிவேல் உருகிப்போனான்.

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. ஃபுட்போர்டில் கால்வாசி உடம்பு உள்ளேயும் முக்கால்வாசி வெளியேயுமாகத் தொங்குகிறவர் பின்னம். மூட்டையைச் சுற்றிக் கட்டுகிற கயிறு சுற்றளவு, மேலே மூடுகிற தார்ப்பாய் பரப்பளவு. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, சராசரி வரும்வரை. அந்தப் பக்கத்தை எந்தப் புண்ணியவானோ சுண்டல் மடிக்கக் கிழித்திருந்தான். தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"எல்லாரும் குந்துனப்புறம் நடு சீட்டுல ஒருத்தரு நசுங்கிக்கினு இருப்பாரு பாருங்க, அவருதாங்க சராசரி" என்று ஒரே போடாகப் போட்டான்.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. டீச்சர் பயந்துபோய், கணக்குப் படித்தவர் ஒருத்தர் கூட நின்றால் தைரியமாக இருக்கும், வர முடியுமா என்று இவனைக் கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல நினைத்தவன், இஸ்திரி போட்ட சட்டையோடு போய் வகுப்பின் கடைசியில் நின்றான். ஹெட்மாஸ்டர் வேறு, "கணக்குப் பட்டதாரி" என்று அதிகாரியிடம் அறிமுகம் செய்து வைத்துவிட்டார்.

அதிகாரி பகா எண் என்றால் என்ன என்று கேட்டார். பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிட்டு, கூடவே "பாஞ்சாலியக்கா சீட்டு சார்" என்று ராகம் போட்டார்கள். மணிவேலுக்கு ஜிவ்வென்று ஏறியது. நம்ம உதாரணம் வகுப்புவரை வந்துவிட்டதே! பின்னத்துக்கு ஃபுட்போர்டு வந்தபோது அதிகாரியே சிரித்துவிட்டார்.

"சரி, சராசரின்னா?"

"நடு சீட்டு ஆளு சார்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பது எங்கே, நடு சீட்டு எங்கே? இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஷோபனா முகம் செத்துப்போயிற்று, கண் கலங்கிவிட்டது.

மணிவேல் மனசுக்குள் கணக்குப் போட்டான். வாயைத் திறந்தால் பெண் போச்சு. திறக்காவிட்டால் அவள் வேலை போச்சு. போகட்டும், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முன்னால் வந்தான்.

"சார், டீச்சரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் டிகிரியெல்லாம் இல்ல, ஆறாவதுதான். அவங்ககிட்ட பெரிய ஆளாட்டம் காட்டிக்க ஜீப்புல நான்தான் உளறினேன். அது பசங்க காதுல வுழுந்துருக்கும். கணக்குப் படிச்ச டீச்சருங்க அவங்க, அவங்களுக்குச் சராசரி தெரியாதா?"

ஷோபனா நிமிரவே இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அதிகாரிக்கு டீ கொண்டுவந்த பாஞ்சாலி, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு இவனைப் பார்த்தாள்.

"அட மணிவேலு, அது தையல் டீச்சருடா; கணக்கு டீச்சர் வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொல்லி இந்த வகுப்பை அது தலையில கட்டிட்டாங்க, நீ காலையில ஜீப்புல சொல்றததான் பத்து மணிக்கு இங்க வந்து நடத்திக்கினு கீது."